எழுப்பி நடத்துமுன் படிக்க வேண்டிய எண்கள்

மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒருவரை எழுப்பி உட்காரவைப்பதும், கைத்தாங்கலாக நிற்கவைப்பதும், வராந்தாவில் பத்தடி நடத்துவதும் பார்ப்பவர் கண்ணுக்கு எளிய உதவிகளாகத் தோன்றினாலும், உடலியல் நோக்கில் அவை இதயம், நுரையீரல், இரத்தம், தசை ஆகிய நான்கின் மீதும் ஒரே நேரத்தில் சுமை ஏற்றும் சிகிச்சைகளாகும். படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்கும்போது அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரையிலான இரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் தேங்குகிறது. நலமான உடல் சில நொடிகளுக்குள் நாடித்துடிப்பைக் கூட்டியும் இரத்தக் குழாய்களைச் சுருக்கியும் அதை ஈடுசெய்துகொள்கிறது. பல நாள் படுத்தவர், இரத்தம் இழந்தவர், நீர்ச்சத்து குறைந்தவர் ஆகியோரின் உடல் அதைச் செய்யத் தடுமாறுகிறது. அந்தச் சுமையை அந்த உடல் அன்றைக்குத் தாங்குமா என்பதை முன்கூட்டி அறிய இயன்முறை மருத்துவருக்குக் கிடைக்கும் சான்றுகளுள் ஒன்று, கேஸ் ஷீட்டில் இருக்கும் இரத்தப் பரிசோதனை முடிவு.

அந்தச் சான்றை எப்படிப் படிப்பது என்பதில் கடந்த கால் நூற்றாண்டில் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தால் நடத்தக் கூடாது, தட்டணு இவ்வளவுக்குக் கீழே போனால் தொடக் கூடாது என்று ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வெட்டுக்கோடு போட்டு, கோட்டுக்கு இப்புறம் அனுமதி, அப்புறம் தடை என்று வகுத்த அட்டவணைகளையே மாணவர்கள் நெடுங்காலம் மனப்பாடம் செய்துவந்தனர். அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கத்தின் தீவிரநிலைச் சிகிச்சைப் பிரிவு 2017-இல் வெளியிட்ட ஆய்வக மதிப்பு வழிகாட்டி அந்தப் போக்கிலிருந்து விலகி, பல இடங்களில் எண்ணுடன் நோயாளியின் அறிகுறிகளையும், அந்த எண் எந்தத் திசையில் நகர்ந்துவருகிறது என்பதையும் சேர்த்தே முடிவெடுக்கும்படி கூறியது. இந்த மாற்றம் சரியானது. நோயாளியின் பாதுகாப்பு என்ற பெயரில் அவரைப் படுக்கையிலேயே கிடத்திவைப்பதும் ஒரு தீங்கு என்பதை ஒப்புக்கொள்வதிலிருந்துதான் அது பிறந்தது.

1966-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில், 20 வயதையொட்டிய நலமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்து ஆராய்ந்தபோது, உச்ச உழைப்பில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவு நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்திருந்தது. முப்பதாண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, முப்பதாண்டு மூப்பு பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கையே அதிகம் பறித்திருந்தது தெரியவந்தது. நோயற்ற இளைஞருக்கே இந்த நிலை என்றால், நிமோனியாவுடன் படுத்த எழுபது வயதுக்காரர் இழப்பது எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் செயற்கைச் சுவாசக் கருவியிலிருந்த 104 பேரிடம் நடத்தப்பெற்று 2009-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே உடலியக்கப் பயிற்சி பெற்றவர்களில் 59 விழுக்காட்டினர் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் வீடு திரும்பினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 35 விழுக்காடாக இருந்தது.

ஆனால் எவ்வளவு முன்னதாகவும் எவ்வளவு மிகுதியாகவும் நடத்துகிறோமோ அவ்வளவும் நன்மை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. பக்கவாதம் வந்து 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடத்தப்பட்டவர்கள் மூன்று மாதம் கழித்துச் சற்றுக் குறைவாகவே நல்ல நிலையை எட்டினர் என்று, 2,104 பேரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவியிலிருந்த 750 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2022-இல் வெளியான மற்றோர் ஆய்விலும், கூடுதல் அளவில் உடலியக்கம் கொடுக்கப்பட்ட குழுவுக்குத் தனி நன்மை கிடைக்கவில்லை என்பதோடு, இதயத்துடிப்பு மாற்றம், இரத்த அழுத்தச் சரிவு, ஆக்சிஜன் குறைவு போன்ற பாதக நிகழ்வுகள் அக்குழுவில் இரு மடங்குக்கும் மேலாகப் பதிவாயின. ஆகவே நடத்துதல் என்பது அளவும் வேளையும் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்தைப் போன்றது; அந்த அளவை அன்றன்று தீர்மானிக்கவே சோதனை முடிவுகள் படிக்கப்படுகின்றன.

முடிவுத் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் இயல்பு வரம்பு என்பது, நலமான மக்களைச் சோதித்து, இரு ஓரங்களிலும் இருப்பவர்களை நீக்கி, நடுவிலுள்ள 95 விழுக்காட்டினரின் மதிப்புகளைக் கொண்டு வகுக்கப்படுவதாகும். எனவே நலமானவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அந்த வரம்புக்கு வெளியே இருப்பர். ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை ஒரே நலமான மனிதருக்குச் செய்தால், அவற்றில் ஒன்றாவது வரம்பு மீறியிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் ஒவ்வோர் எண்ணும் ஆபத்தைக் குறிப்பதில்லை என்பதற்கும், நேற்றைய எண்ணையும் முந்தாநாள் எண்ணையும் பக்கத்தில் வைக்காமல் இன்றைய எண்ணுக்குப் பொருள் காண முடியாது என்பதற்கும் இதுவே அடிப்படை.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஹீமோகுளோபின். சிவப்பணுக்களுக்குள் இருந்து ஆக்சிஜனைச் சுமக்கும் இப்புரதம் ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் அதை இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஒவ்வொரு கிராம் ஹீமோகுளோபினும் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனை ஏந்திச் செல்லும் என்பதால், 14 கிராம் உள்ளவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 19 மில்லிலிட்டரும், 7 கிராம் உள்ளவரிடம் அதில் பாதியும் ஆக்சிஜன் இருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரோ இருவருக்கும் 98 விழுக்காடு என்றே காட்டக்கூடும். ஏனெனில், இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு ஆக்சிஜனால் நிரம்பியுள்ளது என்பதை மட்டுமே அது அளக்கிறது, ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பதை அளப்பதில்லை. திரையில் 98 தெரிகிறதே என்று நம்பி, இரத்தசோகை மிகுந்த நோயாளியைப் படியேற்றுவது இந்த வேறுபாட்டை அறியாமையால் நேரும் பிழை.

குறைந்த ஹீமோகுளோபினை உடல் ஈடுசெய்வது, பெரும்பாலும் இதயம் நிமிடத்துக்கு வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவைக் கூட்டுவதன் மூலம். ஆதலால் மாதக்கணக்கில் மெல்லக் குறைந்து 7.5-இல் நிற்கும் சிறுநீரக நோயாளி தளர்ச்சியின்றி வராந்தா முழுவதும் நடந்துவரக்கூடும். இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து, ஒரே நாளில் 12-லிருந்து 8.5-க்கு இறங்கிய முதியவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்த உடனே மயங்கிச் சாயக்கூடும். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாமவரே மேலான நிலையில் இருப்பவர். இதயத் தமனி அடைப்பு உள்ளவரும், துடிப்பைக் கட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரை உண்பவரும் இந்த ஈடுசெய்யும் ஆற்றலில் குறைந்தவர்கள். பின்னவருக்கு நாடித்துடிப்பு போதிய அளவு உயர்வதில்லையாதலால் அதைக் கொண்டு சோர்வை மதிப்பிடாமல், எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று அவரையே கேட்டு 6 முதல் 20 வரையிலான போர்க் அளவுகோலில் குறித்துக்கொள்வது நல்லது. திடீர் இரத்தப்போக்கின் முதல் சில மணி நேரத்தில் சிவப்பணுவும் நீரும் சேர்ந்தே வெளியேறுவதால் ஹீமோகுளோபின் எண் குறையாமலே இருக்கும் என்பதும் நினைவில் நிற்க வேண்டும். அப்போது உண்மையைச் சொல்வது எண்ணன்று, வேகமான நாடியும் வெளிறிய முகமும் குளிர்ந்த கைகளுமே.

வெட்டுக்கோடு மாற நேர்ந்ததற்கு இரத்தம் ஏற்றும் வழக்கம் மாறியதும் ஒரு காரணம். தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளுக்கு 10-க்குக் குறைந்தவுடன் இரத்தம் ஏற்றுவதைவிட 7-க்குக் குறையும்வரை காத்திருப்பது கெடுதலன்று என்று கனடாவில் 838 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 1999-இல் காட்டியதிலிருந்து, இரத்தப்போக்கு இல்லாத நிலையான நோயாளிகளை 7-க்கும் 9-க்கும் இடையிலேயே விட்டுவைப்பது உலகெங்கும் பரவலாயிற்று. மருத்துவரே திட்டமிட்டு அந்த அளவில் வைத்திருக்கும் நோயாளியை, பழைய அட்டவணையைக் காட்டி இயன்முறை மருத்துவர் நடத்த மறுத்தால், அந்த நோயாளி வீடு திரும்பும் நாள்வரை படுக்கையிலேயே இருப்பார்.

இரத்தம் உறைவதற்குரிய தட்டணுக்கள், இந்திய ஆய்வகத் தாள்களில் லட்சக் கணக்கில் எழுதப்படுபவை, கன மில்லிமீட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. 50,000-க்குக் கீழே எடை தூக்கும் பயிற்சிகளையும், மூச்சை அடக்கி முக்கும்படியான முயற்சிகளையும் தவிர்ப்பதும், 20,000-க்குக் கீழே அருகிலிருந்து தாங்கிப் பிடித்தபடி மென்மையான இயக்கத்தோடு நிறுத்திக்கொள்வதும், 10,000-ஐ நெருங்கினால் தானாகவே இரத்தம் கசியும் அபாயம் இருப்பதால் மருத்துவரைக் கலந்தபின்னரே தொடங்குவதும் பொதுவான நடைமுறை. இந்நிலையில் நடையைவிட ஆபத்தானது வீழ்ச்சி. தலையில் படும் சிறிய அடியும் மூளைக்குள் இரத்தக்கசிவாக முடியலாம். டெங்கு பரவும் மாதங்களில் தமிழ்நாட்டு வார்டுகளில் எல்லோர் கண்ணும் தட்டணு எண்மீதே இருக்கும். ஆனால் தட்டணு குறையும்போதே இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோகிரிட் உயர்ந்துகொண்டு போவது, குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிவதைக் காட்டும் கூடுதல் எச்சரிக்கை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வால்வு மாற்றியவர்கள் உண்ணும் வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற உறைதடுப்பு மருந்துகளின் விளைவை ஐ.என்.ஆர். என்ற எண் காட்டுகிறது. மருந்து உண்ணாதவருக்கு 1-ஐ ஒட்டியிருக்கும் இவ்வெண், மருந்து உண்பவருக்குப் பெரும்பாலும் 2 முதல் 3 வரையிலும், இதயத்தின் இடப்புற மைட்ரல் வால்வு உலோக வால்வாக மாற்றப்பட்டிருந்தால் 2.5 முதல் 3.5 வரையிலும் வைக்கப்படுகிறது. ஆகவே தாளில் 2.8 என்று தடித்திருப்பது கோளாறன்று, சிகிச்சையின் இலக்கு. 5-ஐத் தாண்டும்போது மூட்டுக்குள் இரத்தம் கசியும் வாய்ப்பு உயர்வதால் மருத்துவரின் கருத்தைக் கேட்டே பயிற்சியைத் தொடர வேண்டும். ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மருந்துகளின் விளைவை ஐ.என்.ஆர். நம்பத்தக்கவாறு காட்டாது, அங்கே மருந்துப் பட்டியலைப் படிப்பதொன்றே வழி.

காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருப்பவரை நடத்தலாமா என்ற கேள்விக்கும் பழைய விடை மாறிவிட்டது. உறைதடுப்பு மருந்து பயனளிக்கும் அளவை எட்டியபின் நடப்பது பாதுகாப்பானது என்றே 2016-இல் அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பரின் ஊசிக்கு அந்த அளவு ஏறத்தாழ 3 முதல் 5 மணி நேரத்தில் கிட்டிவிடும். செய்யவே கூடாதது ஒன்றுண்டு: ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகி வலிக்கும்போது, எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் சரியாகும் என்று உறவினர் கெண்டைக்காலைப் பிசைவது. உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம். இதை நோயாளியின் குடும்பத்தாருக்கு எடுத்துச்சொல்வதும் இயன்முறை மருத்துவரின் கடமையே.

தசையும் இதயமும் இயங்குவதற்குரிய மின்னோட்டம் உப்புக்களின் சமநிலையைப் பொறுத்தது. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய பொட்டாசியம், சிறுநீர் பெருக்கி மருந்தாலோ வாந்தி பேதியாலோ 2.5-க்குக் கீழே இறங்கினாலும், சிறுநீரகச் செயலிழப்பில் 6.5-க்கு மேல் ஏறினாலும் இதயத்துடிப்பு உயிருக்கு ஆபத்தான முறையில் சீர்குலையக்கூடும். அன்றைக்குப் பயிற்சி இல்லை. நேற்று நாற்காலியிலிருந்து தானாக எழுந்தவர் இன்று எழ முடியாமல் தவித்தால் அதைச் சோம்பல் என்றோ தளர்ச்சி என்றோ ஒதுக்காமல் பொட்டாசியத்தைப் பார்க்கச் சொல்வது, தசை வலிமையை நாள்தோறும் தொட்டு அறியும் இயன்முறை மருத்துவருக்கே இயலும். இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் சிதைந்தால் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து தெரியும் என்பதால், பொருந்தாத எண்ணை மறுசோதனை செய்யும்படி கேட்பதில் தவறில்லை. சோடியம் 135-க்குக் கீழே சற்றே குறைந்து, வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாத முதியவர்களுக்கும் நடைத் தடுமாற்றமும் வீழ்ச்சியும் கூடுதலாக இருப்பது கண்டறியப்பட்டுள்ளது; 120-ஐ நெருங்கும்போது குழப்பமும் வலிப்பும் வரலாம்.

சர்க்கரை நோயாளிகள் மிகுந்த நம் வார்டுகளில், பயிற்சி வேளையும் இன்சுலின் வேளையும் உணவு வேளையும் மோதிக்கொள்வது அன்றாட நிகழ்வு. ஸ்கேனுக்காகக் காலை உணவு நிறுத்தப்பட்டவருக்கு இன்சுலின் மட்டும் போடப்பட்டிருந்தால், அடுத்து அவரை நடக்கவைக்க வருபவர்தான் தாழ்சர்க்கரையை நேருக்குநேர் சந்திப்பார். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பயிற்சியை நிறுத்தி, விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். பீட்டா பிளாக்கர் உண்பவருக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும். 250-க்கு மேல் இருந்து சிறுநீரிலோ இரத்தத்திலோ கீட்டோன் இருந்தால், பயிற்சி சர்க்கரையை இறக்குவதற்கு மாறாக ஏற்றிவிடும் என்பதால் அது தள்ளிவைக்கப்படுகிறது. பிரிட்டனில் பணிக்குச் செல்லும் தமிழர்கள் அங்கே சர்க்கரை மில்லிமோலில் எழுதப்படுவதையும், 4 என்பது இங்கே 72 என்பதையும், ஹீமோகுளோபின் 70 என்பது இங்கே 7 என்பதையும் முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டும்.

மாரடைப்பில் சிதையும் இதயத்தசை வெளிவிடும் ட்ரோபோனின் ஏறிக்கொண்டே இருக்கும்வரை காத்திருந்து, அது உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியபின், நெஞ்சுவலியற்றவரை மெல்லத் தொடங்குவதே முறை. வெள்ளையணுக்களில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே குறைந்த புற்றுநோய் நோயாளிக்கு நடை தடையில்லை; சோப்பிட்டுக் கழுவாத கையும், பக்கத்துக் கட்டிலிலிருந்து துடைக்காமல் எடுத்துவந்த வாக்கரும்தான் தடை.

எண்களைப் படித்து முடித்தபின் கட்டிலருகே செய்யும் சிறு செயல்களில்தான் பாதுகாப்பின் மறுபாதி அடங்கியிருக்கிறது. “நீங்கள் லட்சுமிதானே?” என்று கேட்டால் குழம்பிய நிலையிலுள்ள எவரும் “ஆமாம்” என்றே சொல்வார், “உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அம்மா” என்று கேட்டு, மணிக்கட்டுப் பட்டையிலுள்ள மருத்துவமனை எண்ணோடு ஒப்பிடுவதே முறை, கட்டில் எண் அடையாளமாகாது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20-ஓ கீழ் அழுத்தம் 10-ஓ சரிந்தால் அது நிலைமாற்றத் தாழழுத்தம்; உடனே உட்காரவைக்க வேண்டும். குழாய்வழிச் சிறுநீர் சேரும் பை, உடலினுள் உள்ள சிறுநீர்ப்பையின் மட்டத்துக்கும், நெஞ்சுக்குழாயின் கலன் நெஞ்சின் மட்டத்துக்கும் கீழே இருக்க வேண்டும். மூளைத் திரவத்தை வடிக்கும் குழாய் உள்ளவரைச் செவிலியர் அதை மூடிய பின்னரே அசைக்கலாம். டயாலிசிஸுக்கான இணைப்பு உள்ள கையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டக் கூடாது. வீழ்ச்சி அபாயத்தைக் கணிக்கும் மோர்ஸ் அளவுகோலில் முன்பு விழுந்த வரலாற்றுக்கு 25 புள்ளியும், கையில் ஏறும் டிரிப்ஸ் ஒன்றுக்கே 20 புள்ளியும் உண்டு. 45-ஐ எட்டினால் பெரும்பாலான இடங்களில் உயர் அபாயம். நம் வார்டுகளில் இரவில் கழிவறைக்கு அழைத்துப்போவது உடனிருக்கும் மகனோ மருமகளோதான் என்பதால், சக்கர நாற்காலிக்குப் பிரேக் போடுவதையும், டிரிப்ஸ் தாங்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதையும் அவர்களுக்குச் செய்துகாட்டாமல் சிகிச்சை முழுமையாவதில்லை.

மாறுதல் எதையாவது கண்டால் அதை மருத்துவரிடம் தெரிவிக்கும் முறையும் பாதுகாப்பின் பகுதியே. இப்போது என்ன நிலைமை, அவருடைய பின்னணி என்ன, தம் மதிப்பீடு என்ன, என்ன செய்ய வேண்டுகிறோம் என்ற நான்கையும் அதே வரிசையில் சொல்லும் வழக்கம் அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. “சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்” என்பதைவிட, “இடுப்பு அறுவைச் சிகிச்சையின் இரண்டாம் நாள், ஹீமோகுளோபின் 8.5, உட்கார்ந்ததும் நாடி 90-லிருந்து 128, அழுத்தம் 30 சரிந்தது, படுக்கவைத்துவிட்டேன், வந்து பார்க்க வேண்டும்” என்பது மருத்துவரை உடனே வரவைக்கும்.

இவை அனைத்தும் நடக்க வேண்டுமானால், இயன்முறை மருத்துவர் முடிவுகளைப் பார்க்கக்கூடியவராக இருக்க வேண்டும். பல மருத்துவமனைகளில் அவருக்கு “மொபிலைஸ்” என்ற ஒரு சொல் மட்டுமே எழுதி அனுப்பப்படுகிறது. கணினியில் ஆய்வகப் பக்கம் அவருக்குத் திறப்பதில்லை, காலை ரவுண்ட்ஸில் அவருக்கு இடமில்லை. 2021-ஆம் ஆண்டின் தேசியத் துணைமருத்துவ, நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவம் வந்துவிட்ட பின்னும் இந்நிலை நீடிப்பது சரியன்று. மருத்துவமனை நிர்வாகங்கள் ஆய்வக முடிவுகளைப் பார்க்கும் அனுமதியை அவர்களுக்கு இவ்வாண்டிலேயே வழங்க வேண்டும். அதுவரை, நோயாளியைத் தொடுமுன் பணிச் செவிலியரிடம் இன்றைய ஹீமோகுளோபின், பொட்டாசியம், சர்க்கரை, தட்டணு ஆகிய நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்வதை இளம் இயன்முறை மருத்துவர்கள் நாளையிலிருந்தே தொடங்கலாம்.